மடியில் கனம் எது என்று யார் சொல்வது?

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “ஐயா, அரசாங்கம் ஆட்களைக் கண்காணிக்கிறது, போன் கேட்கிறது, விபரம் சேர்க்கிறது என்று சத்தம் போடுகிறார்கள். நான் தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை. மடியில் கனமில்லை, வழியில் எனக்கென்ன பயம்? புது டிஜிட்டல் அடையாள அட்டைக்குக் கைரேகை கொடுத்தால் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? இதெல்லாம் அரசியல்வாதிக்கும் பத்திரிகைக்காரருக்கும் உள்ள பிரச்சினைதானே?”

நியாயமான கேள்விதான். ஊரில் நிறையப் பேர் வாய்விட்டுக் கேட்காமல் மனதில் வைத்திருக்கிற கேள்வியும்கூட. கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஜீ.எஸ். ஆக, அதாவது கிராம அலுவலராக, இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்க்கையில் பாதி, மற்றவர்களுடைய விபரங்களை எழுதுவதிலேயே போனது. குடும்பப் பதிவேடு, வாக்காளர் இடாப்பு, நிவாரணப் பட்டியல், வதிவிடச் சான்றிதழ், நற்சான்றிதழ் எல்லாம் இந்தக் கையால்தான் நிரம்பின. ஆகவே பதிவேடே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பதிவேடு எங்கெல்லாம் பயணம் செய்யும் என்று கிட்ட இருந்து பார்த்தவன், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பழமொழியை எடுப்போம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது கள்ளர் பயம் இருந்த காலத்துப் பேச்சு. கள்ளனுக்குக் காசுதான் கனம், அதில் குழப்பம் கிடையாது. சென்றியில், அதாவது சோதனைச் சாவடியில், நிற்பவருக்கு எது கனம் என்பதை நீங்களும் நானும் முடிவு செய்வதில்லை. மேலிடம் அன்றைக்கு எதைச் சொல்கிறதோ அதுதான் கனம். 2006, 2007 காலத்தில் ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று விலாசம் இருந்தாலே கொழும்பில் அது பெரிய கனம். பிறந்த ஊரைத் தவிர வேறு எதையும் மடியில் கட்டிக்கொண்டு போகாதவர்களும் அதற்கு விலை கொடுத்தார்கள்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை நடந்ததை உங்கள் வயதுப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கொழும்பில் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்த லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 300 பேருக்கு மேல். வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்த வயோதிபர், பாஸ்போட் அலுவலாக வந்தவர்கள் என்று எல்லாரும் அதில் அடக்கம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய், அடுத்த நாளே இடைக்காலத் தடை எடுத்தது. பிறகு பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். அந்த மனிதர்களில் பெரும்பாலானோர் சட்டம் கேட்டபடி பொலிஸில் பதிந்து, லொட்ஜ் கொப்பியில் பெயர் எழுதி, ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தவர்கள். ஒளிந்திருந்தவனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒழுங்காகப் பதிந்தவனை எந்த அறையில் போய் எழுப்புவது என்பது கொப்பியிலேயே இருக்கும்.

இன்னும் பின்னால் போனால் 1983 ஜூலை. கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்த கூட்டத்தின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்பது பலரும் எழுதி வைத்த விடயம். வாக்காளர் இடாப்பில் என்ன இரகசியம் இருக்கிறது? ஒன்றுமில்லை. கந்தோரில் எல்லாரும் பார்க்க வைக்கிற ஆவணம் அது. என்னைப் போன்ற ஓர் அலுவலர் வீடு வீடாகப் போய், நல்ல நோக்கத்தோடு, மக்கள் வாக்குப் போட வேண்டும் என்பதற்காக நிரப்பியது. அதைப் பார்த்துத்தான் எந்த ஒழுங்கையில் எந்தக் கதவைத் தட்டுவது என்று கண்டுபிடித்தார்கள்.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆகிவிடுவேன். வன்னி, இயக்கத்தின் (விடுதலைப் புலிகளின்) கட்டுப்பாட்டில் இருந்த காலத்திலும் பதிவு இருந்தது. வெளியே போவதற்குப் பாஸ் எடுக்க வேண்டும். யார் போகிறார், ஏன் போகிறார், திரும்பி வருவாரா, வராவிட்டால் யார் பொறுப்பு என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். பேந்து கடைசிக் காலத்தில் போருக்கு வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு வந்தபோது, எந்த வீட்டில் எந்த வயதில் எத்தனை பிள்ளைகள் என்பது கேட்டு வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாய்மார் பிள்ளைகளைக் கிடங்கு வெட்டி ஒளித்து வைத்ததும், சின்ன வயதிலேயே கலியாணம் கட்டி வைத்ததும் அதனால்தான். பேந்து 2009. முள்ளிவாய்க்காலால் வெளியே வந்த அதே சனத்தைச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வைத்து மறுபடி முதலிலிருந்து பதிந்தார்கள். ஒரே குடும்பம் சில வருடங்களுக்குள் இயக்கத்தின் கொப்பியில், கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கொப்பியில், ஆமியின் கொப்பியில் என்று மூன்று இடத்தில் இருந்தது. கொப்பி எழுதியபோது சொன்ன காரணம் ஒன்று, கடைசியில் அதைத் திறந்து பார்த்த கை வேறு. தம்பி, நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான். இன்றைய அரசாங்கம் நல்லதா கெட்டதா என்பது இந்த விடயத்தில் இரண்டாவது கேள்வி. நீங்கள் இன்றைக்குக் கொடுக்கிற விபரம், நாளைக்கு வரப்போகிற, முகம் தெரியாத ஓர் ஆளுக்கும் சேர்த்துக் கொடுக்கிற விபரம்.

2011 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் ஆமி வீடு வீடாகக் குடும்பப் பதிவு எடுக்கத் தொடங்கியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார்கள். இந்தப் பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தது. ஆமி கேட்ட விபரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே ஜீ.எஸ். கந்தோரில் இருந்தது. குடும்பத் தலைவர், பிள்ளைகள், வயது, தொழில். அப்படியானால் ஏன் எதிர்க்க வேண்டும்? யார் கேட்கிறார், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார், எதற்குப் பாவிப்பார், பிழை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்ற நாலு கேள்விக்கும் பதில் இல்லை என்பதால்தான். நான் பிழையாக எழுதினால் பிரதேச செயலாளரிடம் போய் என்னைப் பற்றி முறையிடலாம். நிறையப் பேர் முறையிட்டும் இருக்கிறார்கள்! முகாமில் இருக்கிற கொப்பியில் உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று எந்தக் கந்தோரில் கேட்பீர்கள்?

சரி, இது எல்லாம் பெரிய சம்பவங்கள். தினசரி வாழ்க்கையில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் உண்மையான சேதம் அங்கேதான்.

ஜீ.எஸ். கந்தோர் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர். கடிதம் ஒன்றும் இருக்காது. அன்பாகத்தான் பேசுவார்கள், தமிழும் நன்றாகத் தெரியும். “ஐயா, சும்மா வந்தோம், இந்தப் பக்கம் புதிதாக வந்து குடியேறினவர்கள் யாரும் இருக்கிறார்களா? வெளிநாட்டிலிருந்து யார் வந்தது? கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் இப்ப யார்?” எழுதித் தரச் சொல்வதில்லை. மேசையில் விரித்திருக்கிற கொப்பியைப் போனில் ஒரு படம் எடுத்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. எந்தச் சட்டத்தில் கேட்கிறீர்கள் என்று கேட்ட அலுவலர்களும் இருந்தார்கள், கேட்காதவர்களும் இருந்தார்கள். கேட்டவருக்கு அடுத்த முறை வந்த பேச்சில் அன்பு குறைந்திருக்கும். உங்கள் விபரம் இப்படித்தான் கை மாறும். யாரும் பூட்டு உடைக்க வேண்டியதில்லை.

அதற்கு அடுத்தது வீட்டுக்கு வருவது. போருக்குப் பிறகு புனர்வாழ்வு முகாம்களால் வெளியே வந்த முன்னாள் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேர். அரசாங்கமே விசாரித்து, புனர்வாழ்வு கொடுத்து, சான்றிதழும் கையில் கொடுத்து அனுப்பியது. அப்படி வந்த ஒருவருடைய வீட்டு வாசலில் அந்த மோட்டார் சைக்கிள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் அடிக்கவில்லை, ஏசவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, “இப்ப என்ன தொழில், போன் நம்பர் மாறினதோ, யாரோடை கூட்டு” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். முறைப்பாடு செய்யப் போனால், என்ன நடந்தது என்று கேட்பார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வேலிக்கு மேலால் அயல் முழுக்கப் பார்த்துவிட்டது. மகளுக்குப் பேசி வந்த சம்பந்தம் அந்தக் கிழமையே நழுவும். மேசன் வேலைக்குக் கூப்பிடுகிறவர், அவனைக் கூப்பிட்டால் எங்கள் வீட்டுக்கும் வருவார்களோ என்று இன்னொருவரைக் கூப்பிடுவார். யாரும் அவரைத் தண்டிக்கவில்லை, ஊர்தான் தண்டிக்கிறது.

அவருடைய மனைவி அதற்குப் பிறகு காணிப் பிரச்சினை பற்றிய கூட்டத்துக்குப் போக மாட்டார். கேப்பாப்பிலவு போன்ற இடங்களில் ஆமி பிடித்து வைத்திருந்த காணியைக் கேட்டு 2017இல் சனம் வீதியில் இருந்தபோது, வராமல் வீட்டில் இருந்தவர்களுக்குக் காணி மேல் ஆசை இல்லாமல் இல்லை. படம் எடுப்பார்கள் என்பதுதான் பயம். பெண்கள் சங்கக் கூட்டங்களிலே கையெழுத்துத் தாள் சுற்றி வரும்போது கவனித்திருக்கிறீர்களா? சில அம்மாக்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். ஒருவர் பகிடியாகவே சொன்னார், “கையெழுத்து வேண்டாம் பிள்ளை, சாப்பாட்டுப் பார்சலை மட்டும் தாங்கோ.” எல்லாரும் சிரித்தார்கள். பார்சலுக்குக் கணக்குக் காட்டக் கையெழுத்து வேணும், அந்தத் தாள் பிறகு யார் கையில் போகும் என்று அதைக் கொண்டுவந்த பிள்ளைக்கே தெரியாது.

இதனால்தான் இது பத்திரிகைக்காரரின் பிரச்சினை மட்டும் அல்ல என்கிறேன். பத்திரிகைக்காரருக்குப் பின்னால் ஒரு பத்திரிகை இருக்கிறது, அரசியல்வாதிக்குக் கட்சி இருக்கிறது. அவரைத் தொட்டால் அறிக்கை வரும், வழக்கறிஞர் வருவார். தோட்டம் செய்கிறவருக்கு வருகிறது அயலவரின் பார்வை மட்டும்தான்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மார் கூடுகிற ஒவ்வொரு தடவையும் எதிரே யாராவது நின்று படம் எடுப்பதும், அவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரிப்பதும் ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் இலங்கை பற்றிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற விடயம். பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் இருக்கிற எழுபது வயது மனிசியிடம் என்ன இரகசியம் இருக்கப் போகிறது? அவர் கேட்பதும் ஒரு பட்டியலைத்தான். போர் முடிந்தபோது முல்லைத்தீவு வட்டுவாகலில் வைத்து ஆமியிடம் கையளித்த எங்கள் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எங்கே என்று. 2019இல் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் இதைக் கேட்டபோது, ஆமியிடம் யாரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடம்தான் சரணடைந்தார்கள் என்ற மாதிரிப் பதில் வந்தது. கூட்டத்துக்கு எந்தத் தாய் எத்தனை மணிக்கு வந்தார் என்று குறித்து வைக்க ஆள் இருக்கிறது, பிள்ளை யாரிடம் போனான் என்று குறித்து வைத்த கொப்பி மட்டும் கிடைக்காது. கண்காணிப்பு என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்த ஏற்றத்தாழ்வைத்தான் காட்டுவேன். எங்களைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும், அவர்களைப் பற்றி நாங்கள் கேட்டால் பாதுகாப்பு இரகசியம்.

பாதுகாப்பு என்ற சொல் வந்ததால் அதையும் பார்த்துவிடுவோம். நாட்டைக் காப்பாற்ற வேண்டாமா, குண்டு வைக்கிறவனைப் பிடிக்க வேண்டாமா? வேணும்தான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று 260 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு முன்பே, ஏப்ரல் 4இல், வெளிநாட்டுப் புலனாய்விலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. தகவல் கையில் இருந்தும் நடவடிக்கை இல்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதற்காகவே முன்னாள் ஜனாதிபதிக்குப் பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது, பொலிஸ், புலனாய்வு உயர் அதிகாரிகளுக்கும் தனித்தனியாகத் தொகை விதித்தது. அந்தக் காலத்திலும் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பதால் பார்க்க வேண்டியவனைப் பிடித்துவிடலாம் என்பது வெறும் நம்பிக்கை. குறிப்பிட்ட ஆள் மேல் காரணத்தோடு சந்தேகம், நீதவானின் அனுமதி, எழுத்தில் பதிவு என்று போனால் அது விசாரணை. அதை நான் எதிர்க்கவில்லை.

போன் விடயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போன் கேட்கிறார்கள் என்றால் யாரோ காதில் மாட்டிக்கொண்டு எங்கள் கதையைக் கேட்கிறார்கள் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். என்ன கதைத்தீர்கள் என்பது அவ்வளவு தேவையே இல்லை. யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கோபுரத்தின் கீழ் நின்று எடுத்தீர்கள் என்ற பட்டியல் போதும். ஒரு பெண் திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு எடுக்கிறார். பின்னேரம் ஒரு சட்டத்தரணிக்கு. அடுத்த நாள் நகை அடகு பிடிக்கிற கடைக்கு. இரவு பதினொரு மணிக்குக் கனடாவில் இருக்கிற தமையனுக்கு ஒரு மணித்தியாலம். ஒரு வார்த்தையும் கேட்காமலே அவருடைய குடும்பக் கதை முழுக்க விளங்கிவிட்டது, இல்லையா? வட்ஸ்அப்பில் கதைத்தால் உள்ளே உள்ளது பூட்டப்பட்டுத்தான் போகிறது, ஆனால் யாரோடு எப்போது தொடர்பு என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். போனையே வாங்கித் திறக்கச் சொன்னால் பூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. சாதாரண எஸ்.எம்.எஸ். அஞ்சலட்டை மாதிரி, வழியில் நிற்கிறவர் எல்லாரும் வாசிக்கலாம்.

சிம் எடுத்தது ஐ.சி. இலக்கத்துக்கு. அந்த இலக்கமே கொஞ்சம் வாயாடி. 12 இலக்கத்தில் முதல் நான்கும் நீங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1994546 என்று தொடங்கினால் 1994 பெப்ரவரி 15இல் பிறந்த ஒரு பெண் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த இலக்கத்தைத்தான் நாங்கள் கடைக்காரருக்கும், லீசிங் கொம்பனிக்கும், நுண்கடன் கொடுக்க வருகிற பெடியனுக்கும் போட்டோவாகவே அனுப்பி வைக்கிறோம்.

இனிப் புது அட்டைக்கு வருவோம். டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியாவின் உதவியோடு 2022இல் உடன்படிக்கை எழுதினார்கள். முகம், கைரேகை, கருவிழி எல்லாம் எடுப்பது திட்டம். என்னுடைய பதிவேடு அலுமாரியில் இருந்தது. அதைச் சமுர்த்தி நிவாரணப் பட்டியலோடும் ஆஸ்பத்திரிக் கொப்பியோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மனிதர் கந்தோர் கந்தோராக அலைய வேண்டும், கிழமைக் கணக்கில் வேலை. அந்தச் சோம்பல்தான் எங்களுக்கு இருந்த பெரிய பாதுகாப்பு என்று இப்போது நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே இலக்கத்தில் கோர்த்துவிட்டால், அஸ்வெசும உதவிப்பணம் எடுப்பவர், கிளினிக் போகிறவர், புனர்வாழ்வு பெற்றவர், வெளிநாட்டுக் காசு வருகிறவர் என்று எப்படி வேண்டுமென்றாலும் ஒரு நொடியில் பிரித்தெடுக்கலாம். அப்புறம் இன்னொன்று, சிம் போனால் மாற்றலாம், வீடும் மாற்றலாம். விரலையும் கண்ணையும் மாற்ற ஏலாது. ஒரு தடவை வெளியே கசிந்தால் கசிந்ததுதான்.

அதே நேரம் பதிவே இல்லாத நிலை எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்திடம் காணி உறுதி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, இறந்தவருக்கு மரணச் சான்றிதழ் இல்லை. நடமாடும் சேவை வைத்து, அயலவர் சாட்சியை எழுதி எழுதித்தான் ஒவ்வொருவரையும் மறுபடி இந்த நாட்டின் பிரசை ஆக்கினோம். ஓர் அம்மா வடலிக்குள்ளே கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூட வரவு இடாப்பின் தாளைக் கொண்டு வந்து, “இதிலை என்ரை மகன்ரை பேர் இருக்கு, பாருங்கோ” என்று காட்டினார். பதிவு அவருக்கு உயிர். எனவே அரசாங்கம் ஒன்றையும் எழுதக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எழுதியது பள்ளிக்கூடத்துக்கு, நிவாரணத்துக்கு எழுதியது நிவாரணத்துக்கு, வேலை முடிந்தால் அழிக்க வேண்டும், யார் திறந்து பார்த்தார் என்பதற்கும் ஒரு பதிவு வேண்டும்.

இலங்கைச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? பாதி வழியில். 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று இல்லை. இந்தியாவின் அரசியலமைப்பிலும் அப்படி எழுதியிருக்கவில்லைதான், ஆனால் 2017 ஆகஸ்டில் அங்கே ஒன்பது நீதியரசர்கள் ஒருமித்து, அது உயிர்வாழும் உரிமைக்குள்ளேயே அடங்கியது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி ஆதார் அட்டைக்கு எதிராகப் போட்ட வழக்கில் வந்தது அந்தத் தீர்ப்பு. எங்களுக்கு இருப்பது, 1980இல் இலங்கை சேர்ந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை. அதன் 17ஆம் உறுப்புரை வீடு, குடும்பம், கடிதத் தொடர்பு ஆகியவற்றில் தான்தோன்றித்தனமாகத் தலையிடக் கூடாது என்கிறது. பிறகு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அரசாங்கக் கந்தோர்களையும் அது கட்டுப்படுத்தும், உங்களைப் பற்றி வைத்திருப்பதைக் கேட்கவும் திருத்தவும் உரிமை தருகிறது. நல்ல சட்டம். ஆனால் 2025 மார்ச்சில் முழுதாக நடைமுறைக்கு வர வேண்டியதைத் தள்ளிப் போட்டார்கள், தேசிய பாதுகாப்புக்கு விதிவிலக்கும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து மோட்டார் சைக்கிள் அந்த விதிவிலக்குக்குள்ளால்தான் ஓடும். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் போன் விபரம் எடுக்க நீதவானின் பிடியாணை வேண்டும் என்கிறது, அவசரம் என்றால் இல்லாமலும் எடுக்கலாம் என்று அடுத்த வரியிலேயே சொல்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலே 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிக ஏற்பாடு என்று பெயரிலேயே போட்டுக்கொண்டு வந்த சட்டம். முகநூலில் ஒரு நினைவுப் படம் போட்டதற்காக அதன் கீழ் உள்ளே போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் மடியில் கனமில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றும் கேட்பீர்கள். யாராவது வீட்டுக்கு வந்து விபரம் கேட்டால் மரியாதையாகவே பெயர், பதவி, எந்த அலுவலகம் என்று கேளுங்கள். விசாரணை என்றால் எழுத்தில் அழைப்புத் தரச் சொல்லுங்கள். முடிந்தால் அயலில் ஒருவரையோ ஜீ.எஸ்.ஐயோ கூட இருக்கச் செய்யுங்கள். திகதி, நேரம், மோட்டார் சைக்கிள் இலக்கம், கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இந்தக் கொப்பி உங்களுடையது, அவர்களுடையது இல்லை. தொல்லை தொடர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1996க்குப் போனும் எடுக்கலாம். பிறகு உயர் நீதிமன்றத்துக்கும் போகிற எண்ணம் இருந்தால், சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மனுவுக்கு உள்ள அவகாசமும் ஒரு மாதம்தான். ஆணைக்குழுவின் விசாரணை நடக்கிற காலம் அதில் சேராது, அதனால் அங்கே முதலில் போவது புத்தி. வேறு ஒருவர் பற்றி உங்களிடம் கேட்டால் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு எந்த வெட்கமும் வேண்டாம்.

கைரேகை கொடுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அட்டை இல்லாமல் இந்த நாட்டில் பரீட்சையும் எழுத ஏலாது, வங்கிக்கும் போக ஏலாது, கடைசியில் கொடுக்கத்தான் வேண்டி வரும். நானும் கொடுப்பேன். ஆனால் வரிசையில் நிற்பதற்கு முதல் ஒரு வேலை செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தாளில் எழுதிப் போடுங்கள்: என் கைரேகையை எந்தக் கந்தோர் வைத்திருக்கும், பாதுகாப்பு அமைச்சோ பொலிஸோ அதைத் திறந்து பார்க்கலாமா, பார்த்தால் நீதிமன்ற அனுமதி வேண்டுமா, யார் பார்த்தார் என்று எனக்குத் தெரிய வருமா, எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவோம், தரமாட்டோம் என்று ஏதோ ஒரு முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே திணைக்களத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பதில் இல்லை என்றால் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. உங்கள் வகுப்பில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பத்துத் தாள் போடுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் தம்பி, வாசிக்க ஆசையாக இருக்கிறது.